பாட்டி காலத்து மெர்லோவும் லேபிள் பம்மாத்தும்

"சிறிய தோட்டம். பிரெஞ்சுப் பாரம்பரிய முறை. நூறு சதவீதம் மெர்லோ." இந்த மூன்றும் ஒரு ஒயின் பாட்டிலின் லேபிளில் சேர்ந்து வந்துவிட்டால் போதும், விலை கிடுகிடுவென ஏறிவிடும். வாங்குகிறவர் மனதிலும் ஒரு படம் ஓடும்: ஒரு கல்வீடு, ஒரு கிழட்டுக் குதிரை, தொப்பி போட்ட தாத்தா. இந்தப் படத்தில் பாதி பம்மாத்து. மீதிப் பாதி உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு இப்போது உயிர் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் பாரம்பரியத்தைப் பார்க்கலாம். மெர்லோவின் சொந்த ஊர் பிரான்சின் போர்தோ. அதிலும் லிபூர்ன் நகரை ஒட்டிய பொமெரோல், சேன்-எமிலியோன் பக்கம். அங்கே பழைய வழக்கம் தனி மெர்லோ அல்ல, கலப்பு. மெர்லோவோடு காபர்னே ஃப்ரான் சேரும். ரசனை மட்டுமல்ல, பயமும் ஒரு காரணம். மெர்லோ சீக்கிரம் துளிர்க்கும், வசந்தகாலத்து உறைபனியில் கருகும். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்பது விவசாயி கணக்கு. பெத்ரூஸ் மாதிரி களிமண் நிலங்களுக்குப் பொருந்தும் தனி மெர்லோவை ஊருக்கே பாரம்பரியம் ஆக்குவது சுத்த வியாபாரம்.

அடுத்தது, வெனிலா வாசனை தூக்கலாக அடித்தால் "ஆஹா, பழைய முறை" என்று உருகுவது. அது புது ஓக் பீப்பாயின் வாசனை. காசில்லாத சிறு விவசாயி வருஷா வருஷம் எங்கே புதுப் பீப்பாய் வாங்கினார்? பழையதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார், அல்லது சிமென்ட் தொட்டியில் வைத்தார். சிறிய தோட்டத்துக்குப் புது ஓக் மோகம் வந்தது 1990-களின் 'கராஜ் ஒயின்' அலையில். ழான்-லுக் துனவென் 1991-இல் தன் முதல் வலாந்த்ரோவைச் செய்தது ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் மதிப்பெண்கள் அதைத் தூக்கி நிறுத்தின. 2012-இல் சேன்-எமிலியோன் தரவரிசையின் மேல்வரிசைக்கே அது போய்விட்டது. நல்ல ஒயினாகவே இருக்கட்டும். ஆனால் அது கலகம். கலகத்தைப் பாரம்பரியம் என்று விற்பது என்ன நியாயம்?

சிறிய தோட்டம் என்பதிலும் ஓட்டை உண்டு. கூட்டுறவு ஆலையில் செய்த ஒயினானாலும், ஒரு தோட்டத்துத் திராட்சையைத் தனியே பிரித்துச் செய்திருந்தால் லேபிளில் அந்த 'ஷத்தோ' பெயரைப் போட பிரெஞ்சுச் சட்டம் இடம் தருகிறது. 'பழைய கொடிகள்' என்று போட எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்பதற்கோ வரையறையே கிடையாது.

"சின்னதாக இருந்தால் அக்கறை கூடும், தரமும் கூடும்" என்பார்கள். லெ பேன் தோட்டம் அதற்கு உதாரணமாம். ழாக் தியன்போன் 1979-இல் வாங்கிய அந்தத் துண்டு நிலம் இன்று உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றைத் தருகிறது. அங்கே சிறுமை என்றால் தட்டுப்பாடு, தட்டுப்பாடு என்றால் பணம். அதே போர்தோவில், அதே மெர்லோவை வளர்க்கும் பெயர் தெரியாத சிறு விவசாயிக்கோ செலவுக்காசு கூடத் தேறவில்லை. பிரான்சில் சிவப்பு ஒயின் குடிப்பது குறைந்துவிட்டது, சீனாவும் வாங்குவதைக் குறைத்துவிட்டது. 2023-இல் சுமார் 9,500 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்கி எறியத் திட்டம் வந்தது. ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை. நிஜமான சிறிய தோட்டம் இப்படி வேரோடு போக, அதன் படம் மட்டும் லேபிளில் சிரிக்கிறது!

வெப்பம் கூடக்கூட மெர்லோவில் சர்க்கரையும் ஆல்கஹாலும் ஏறுகின்றன. 2021-இல் போர்தோ 6 புதிய திராட்சை வகைகளுக்குக் கதவைத் திறந்தது, போர்ச்சுகலின் தூரிகா நாசியொனால் உட்பட. உடனே "பாரம்பரியம் போச்சு" என்று சிலர் புலம்பினார்கள். காலநிலையைப் பார்த்துக் கலப்பை மாற்றுவதுதானே அந்த மண்ணின் பழைய வழக்கம்? மாறுகிற விவசாயிதான் பாரம்பரியவாதி. மாறாதது லேபிள் மட்டுமே.

ஆகவே அடுத்த முறை கடைக்காரர் "பாரம்பரியம்" என்று ஆரம்பித்தால் மூன்று கேள்விகள் போதும். திராட்சையை வளர்த்தவர் யார்? பீப்பாய் புதுசா, பழசா? இந்த விலையில் அவருக்கு எவ்வளவு போகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராது. குதிரைப் படத்துக்குக் கொடுக்கிற காசு குதிரைக்காரருக்குப் போய்ச் சேருவதில்லை.