அசையாமல் படுத்திருந்தால் ஆறுமா?

தர்மபுரிக்குத் தெற்கே நல்லம்பள்ளியானாலும் சரி, சென்னை மாம்பலமானாலும் சரி, குடலில் ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க வருகிறவர்கள் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: "வயிற்றில் தையல் போட்டிருக்கிறது. அசையாமல் படுத்திருக்கட்டும்!" சகோதரிகளே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கடைப்பிடிக்காதீர்கள்.

டென்மார்க் தேசத்து டாக்டர் ஹென்ரிக் கெஹ்லெட் 1990-களில் இந்த வழக்கத்தையே தலைகீழாக மாற்றினார். வலியை நன்றாக அடக்கி, நோயாளியைச் சீக்கிரமே எழுந்து நடமாட வைத்து, ஆகாரமும் கொடுத்தார். பல நாள் படுத்திருக்க வேண்டியவர்களில் பலர் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பினார்கள். இன்று பல நாடுகளில் இதுவே முறை.

காரணம் என்ன? படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சில் சளி தேங்கி நிமோனியாவும் வரலாம். ஆகவே, டாக்டர் அனுமதித்ததும் கைத்தாங்கலாக நடக்கவிடுங்கள். அடிக்கடி ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லுங்கள். இருமும்போது வயிற்றின்மேல் தலையணையை அணைத்துக்கொண்டால் வலி குறையும். பீடி, சிகரெட் பழக்கம் உண்டா? ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பே நிறுத்தச் செய்யுங்கள்.

பத்தியம் என்று பட்டினி போடவும் வேண்டாம். புண் ஆறுவதற்குப் புரதச் சத்து அவசியம். குழைந்த சாதம், பருப்பு, முட்டை இவற்றை டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். நல்லம்பள்ளிப் பக்கத்துக் கேழ்வரகுக் களி உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதில் நார் அதிகம்; அது சில வாரம் பொறுத்திருக்கட்டும்.

சீக்கிரம் வீடு திரும்புவதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. இதுவரை நர்ஸ் கவனித்ததை இனி நீங்கள்தான் கவனிக்க வேண்டும். குடலைச் சேர்த்துத் தைத்த இடம் சிலருக்குக் கசிந்துவிடும். பெரும்பாலும் முதல் பத்து நாளைக்குள். ஜுரம், படபடவென்ற நாடி, குறையாமல் ஏறும் வயிற்று வலி, வயிற்று உப்புசம், வாந்தி ஆகியவை அதன் அறிகுறிகள். தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் இவையும் அபாயக் குறிகளே.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும், "கஷாயம் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும்" என்று காத்திராதீர்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு உடனே தெரிவியுங்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், கட்டணமில்லை. நல்லம்பள்ளிக்காரர்களுக்குத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது.

வீண் பயம் வேண்டாம். விழிப்பு இருந்தால் போதும்.