கொரியப் பாட்டு கேட்கிற பிள்ளை கெட்டுப்போகவில்லை

வரதராஜன்பேட்டையில் கல்யாணம், பொங்கல் விடுமுறை, மாதா கோயில் திருவிழா என்று நாலு குடும்பம் கூடுகிற இடத்தில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "இந்தக் காலத்துப் பொண்ணுங்க கொரியாக்காரன் பாட்டுல பைத்தியமா கெடக்குதுங்க." சொல்கிறவர் அந்தப் பாட்டில் ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் தீர்ப்பு தயாராக இருக்கும். அது பாட்டே இல்லை, வெறும் சத்தம். ஆடுகிறவன் ஆம்பளையே இல்லை. எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறது. கம்பெனிக்காரன் செய்துவிட்ட பொம்மைகள். புரியாத மொழியில் பாட்டு கேட்பது கிறுக்குத்தனம். கடைசியில் பிள்ளைகள் வீட்டைவிட்டு ஓடத்தான் போகிறார்கள். நகரத்தில் படித்தவர்களும் இதையேதான் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார்கள். பேச்சு நடக்கும்போது அந்தப் பிள்ளை பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுகிறது. அதனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசிக் குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெற்றோரை உண்மையிலேயே பயமுறுத்துவது அதுதான். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்புப் படிக்கும் மூன்று சிறுமிகள், 13 வயதுக்காரர்கள், பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுவைப் பார்க்கக் கொரியா போவதென்று கிளம்பினார்கள். கையில் சேர்த்து வைத்திருந்த 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பலேறுவது திட்டம். ஈரோடு வழியாகச் சென்னை வரை வந்துவிட்டார்கள். அதற்குமேல் போக முடியாதென்று அவர்களுக்கே தெரிந்து, ஊருக்குத் திரும்ப ரயிலேறினார்கள். காட்பாடியில் சாப்பாடு வாங்க இறங்கியபோது ரயில் போய்விட்டது. அங்கே போலீசார் பார்த்து விசாரித்து, வேலூரில் அரசுக் காப்பகத்தில் தங்கவைத்து, பெற்றோரை வரவழைத்தார்கள்.

அந்தப் பெற்றோர் பட்ட தவிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று பெண் குழந்தைகள் தனியாகச் சென்னையில் ஓர் இரவைக் கழித்தார்கள் என்றால் எந்த வீட்டிலும் அடிவயிறு கலங்கும். ஆனால் பழி பாட்டின்மேல் விழுவதில் நியாயமில்லை. சினிமாவில் சேர வீட்டுக்குச் சொல்லாமல் கோடம்பாக்கத்துக்கு ரயிலேறிய பையன்களின் கதை தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. ஜெயித்தவர்களின் கதையை வார இதழ்கள் தொடராகவே போட்டன. 2023 ஜனவரியில் 'துணிவு' படம் வெளியான அன்று, சென்னை கோயம்பேட்டுப் பக்கம் லாரிமேல் ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் விழுந்து இறந்துபோனார். தமிழ் சினிமாப் பாட்டைப் பிள்ளைகள் கேட்கக் கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது, ஒரு விபத்துக்காக ஒரு கலையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாதென்று நமக்குத் தெரியும். அந்தத் தெளிவு கரூர்ச் சிறுமிகள் விஷயத்தில் மட்டும் ஏன் இல்லாமல் போனது?

எனக்கு அந்தச் செய்தியில் உறைத்தது வேறு. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாடு விட்டு நாடு போக முடியாது என்பதை அந்தப் பிள்ளைகள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டால் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை கேட்காது.

இனி, "ஆம்பளையே இல்லை". உதட்டுச் சாயம், கண் மை, மழுமழுவென்ற முகம், காதில் வளையம் என்று பட்டியல் போடுகிறார்கள். இதைச் சொல்ல உலகத்தில் கடைசியாக உரிமை உள்ளவர்கள் தமிழர்கள். நம் நாடக மேடையைக் கட்டி வளர்த்ததே மையிட்ட ஆண் பிள்ளைகள்தான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பத்து வயதுகூட நிரம்பாத பையன்களைச் சேர்த்துக்கொண்டு, கூடவே தங்கவைத்து, விடியற்காலையில் எழுப்பிப் பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் பழக்கியவை அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள். பெண் வேடத்தையும் அந்தப் பையன்களே கட்டினார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். சிவாஜி கணேசன் சிறுவனாக முதலில் கட்டிய வேடம் சீதை. டி.கே. சண்முகத்துக்கு 'அவ்வை' என்ற பட்டமே கிழவி வேடத்தால் வந்தது. சென்னையில் ஒரு பெரிய சாலைக்கு அந்தப் பெயரை வைத்துப் பெருமைப்படுகிறோம். தெருக்கூத்தில் அரிதாரம் பூசி, சேலை கட்டி, விடிய விடிய திரௌபதியாக நிற்பவரையும் அடுத்த நாள் காலையில் வயலில் பார்க்கிறோம். அவர் ஆண்மையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிடிஎஸ் குழுவின் ஏழு பேரும் 2022 டிசம்பருக்கும் 2025 ஜூனுக்கும் இடையில் தங்கள் நாட்டுக் கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டார்கள் என்று சில ரசிகைகள் பதிலுக்குச் சொல்வார்கள். அந்த வாதத்தை நான் எடுக்க மாட்டேன். துப்பாக்கி பிடித்தால்தான் ஆண் என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

"கம்பெனி பொம்மைகள்" என்ற குற்றச்சாட்டுக்கும் பாதிப் பதில் பாய்ஸ் கம்பெனியிலேயே இருக்கிறது. கொரியாவில் 1995-ல் தொடங்கிய எஸ்எம் நிறுவனமும் அதன் வழியில் வந்தவையும் செய்வது ஏறக்குறைய அதுதான்: சிறு வயதில் தேர்ந்தெடுப்பது, வருடக்கணக்கில் பழக்குவது, தேறியவரை மேடையேற்றுவது. கட்டுப்பாட்டில் வளர்ந்தவன் கலைஞன் ஆக மாட்டான் என்றால் சிவாஜியும் கலைஞர் இல்லை, குருகுலத்தில் விறகு சுமந்து நாயனம் பழகியவரும் கலைஞர் இல்லை. அதோடு, பிடிஎஸ்ஸின் ஆர்எம்மும் சுகாவும் கம்பெனிக்கு வருமுன்பே ராப் எழுதிக்கொண்டிருந்தவர்கள். குழுவின் பாடல்களில் பெரும்பகுதியில் எழுதியவர்களாக உறுப்பினர்களின் பெயர் இருக்கிறது.

மீதிப் பாதியை மறுக்க மாட்டேன். அந்தத் தொழிலில் கொடுமை உண்டு. டிவிஎக்ஸ்கியூ குழுவின் மூன்று பேர் தங்களைக் கட்டிப்போட்ட 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து 2009-ல் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டில் கொரிய வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்து ஏழு ஆண்டு என்று வரம்பு கட்டியது. பட்டினி கிடந்து உடம்பை மெலிய வைப்பது, காதலித்தால் மன்னிப்புக் கேட்க வைப்பது, ஒரே இசைத்தொகுப்பை நாலு அட்டையில் விட்டு, உள்ளே வைக்கும் போட்டோ கார்டுக்காகத் திரும்பத் திரும்ப வாங்க வைப்பது எல்லாம் நடக்கிறது. என்னை அதிகம் உறுத்துவது அந்த வெள்ளைத் தோல். ஏற்கெனவே 'சிவந்த நிறம்' கேட்டு மணமகள் தேவை விளம்பரம் போடும் ஊரில், கொரிய முகப்பூச்சு பார்த்து நம் பிள்ளைகள் தங்கள் கறுப்பை இன்னும் வெறுக்கக் கூடாது. ஆனால் இந்தக் குறைகளை எல்லாம் என்னிடம் சொன்னவர்கள் வெளியில் நின்று ஏசுகிறவர்கள் அல்லர், ரசிகைகள்தாம். அந்தக் குழந்தைகள் கண்மூடிக் கேட்கவில்லை.

எல்லா முகமும் ஒன்று என்பவர்களுக்கு ஒரே பதில் போதும். மணிப்பூர், நாகாலாந்திலிருந்து நம் ஊர் ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளைத் தெருவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமோ, அதன் தொடர்ச்சி இது. எங்கள் வீட்டு ரசிகைகள் அந்த ஏழு பேரையும் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

மொழி விஷயத்துக்கு வருவோம். வரதராஜன்பேட்டை கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடி வழி திறந்துவிடும் வரைக்கும் நம் தாத்தா பாட்டிகள் பூசை கண்டது லத்தீனில். ஒரு சொல்லும் தெரியாமல் மண்டியிட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அவர்களைக் கிறுக்கர்கள் என்று யாரும் சொன்னதில்லை. தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனையைத் தஞ்சாவூர்க்காரர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். 'ஆராதனா', 'பாபி' பாட்டுகளை இந்தி எதிர்ப்பில் ஊறிய தலைமுறையே முணுமுணுத்தது. இதே அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ் கற்று, 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். தொலைதூரத்திலிருந்து வந்தவன் நம் மொழியை ஆசைப்பட்டுக் கற்றது நமக்குப் பெருமையாக இருக்கிறது. நம் வீட்டுப் பெண் தொலைதூர மொழி ஒன்றை ஆசைப்பட்டுக் கற்பதும் அதே ஆசைதான்.

எப்படிக் கற்கிறாள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் அக்கா மகள் பதினோராம் வகுப்பு. இயற்பியல் நோட்டைப் பின்பக்கம் திருப்பினால் வரிசை வரிசையாகக் கொரிய மொழியின் ஹங்குல் எழுத்துகள். பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் அசையாக வீட்டில் உள்ளவர்கள் பெயரை எல்லாம் எழுதியிருந்தாள். "நம்ம உயிர்மெய் மாதிரிதான் சித்தி, மெய்யையும் உயிரையும் ஒண்ணாச் சேத்து ஒரே கட்டத்துல எழுதணும்," என்றாள். ஊர்ப் பெயரை எழுதிக் காட்டச் சொன்னேன். "ரவுக்கும் லவுக்கும் அவங்களுக்கு ஒரே எழுத்துதான், பரவால்லியா?" என்று கேட்டுவிட்டு எழுதினாள். சேஜோங் மன்னர் 1446-ல் சாதாரண சனங்களும் படிக்கட்டும் என்று அந்த எழுத்தை வெளியிட்ட கதையையும் அவளே சொன்னாள். எந்த வாத்தியாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

பாட்டில் பொருளே இல்லை என்பதும் கேட்காமல் சொல்வதுதான். 2013-ல் பிடிஎஸ் அறிமுகமான 'நோ மோர் டிரீம்', அதே ஆண்டில் வந்த 'என்.ஓ' இரண்டும் படிப்பு, மதிப்பெண், பெற்றோர் காட்டும் ஒரே பாதை ஆகியவற்றுக்கு எதிராகப் பள்ளிப் பிள்ளைகள் எழுப்பும் கேள்விகள். நீட் தேர்வுக்குப் பலியான குழுமூர் அனிதாவை இழந்த மாவட்டம் இது. டியூஷனுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் நடுவில் மூச்சுத் திணறும் பிள்ளைக்கு அந்தப் பாட்டு ஏன் நெருக்கமாகிறது என்று நாம்தான் யோசிக்க வேண்டும். 2017-ல் வந்த 'ஸ்பிரிங் டே' பாடலை, 2014-ல் செவோல் கப்பல் கவிழ்ந்து பள்ளி மாணவர்கள் உட்பட 304 பேர் இறந்த துயரத்தோடு சேர்த்தே ரசிகர்கள் கேட்கிறார்கள். சுகா 2020-ல் தந்த 'டேச்விதா'வில் அரசர் ஊர்வலத்துப் பழைய வாத்தியங்கள் முழங்குகின்றன. நம் நாயனத்தையும் பறையையும் சினிமாவில் கேட்கும்போது நிமிர்கிற அதே பெருமிதம் அதில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு இந்த வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டை யாரும் வெறுக்கவில்லை. கேட்கிறவள் பெண் பிள்ளை என்பதுதான் உறுத்துகிறது. பையனுக்கு ஊரில் ரசிகர் மன்றம் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் உண்டு, டீக்கடை பெஞ்சு உண்டு, முதல் நாள் முதல் காட்சிக்கு ஜெயங்கொண்டத்துக்கு பைக்கில் போக அனுமதி உண்டு. அவன் வெறி கொண்டாட்டம் எனப்படும். பெண் பிள்ளைக்குப் பள்ளி விட்டால் வீடு. கூச்சல் போட, சேர்ந்து ஆட, ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சத்தமாகச் சொல்ல அவளுக்கு ஊரில் ஒரு முழ இடம் கிடையாது. 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பியபோது தொடங்கியது இந்த ஈர்ப்பு. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கென்று அவள் கைக்கு செல்போன் வந்தபோது பெருகியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிடிஎஸ்ஸின் 'டைனமைட்' பாட்டு வந்தது. அந்தச் சின்னத் திரைக்குள் அவள் தனக்கென்று ஒரு மன்றம் கண்டாள். மணிலாவிலும் மெக்சிகோவிலும் உள்ள பெண்கள் அதில் உறுப்பினர்கள். அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டியதில்லை. அங்கே அவளை, பிடிஎஸ் ரசிகர்களுக்கு உள்ள பெயரால், 'ஆர்மி' என்று கூப்பிடுகிறார்கள். குறைகள் இருந்தாலும் தங்களையே நேசிக்கலாம் என்று 2018 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் நின்று ஆர்எம் பேசியது தன்னிடம் சொன்னதாகவே அவளுக்குப் படுகிறது. வீட்டில் அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

டான் போஸ்கோ பெயரில் பள்ளிக்கூடம் நடக்கிற ஊர் எங்களுடையது. அந்தப் பெரியவர் சிறுவனாக இருந்தபோது வயல்வெளியில் வித்தைகள் காட்டித்தான் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் விரும்புவதை ஆசிரியர்கள் முதலில் விரும்ப வேண்டும், அப்போதுதான் ஆசிரியர்கள் விரும்புவதைப் பிள்ளைகள் விரும்புவார்கள் என்று 1884-ல் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில் சொன்னார். ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு பாட்டை அவளோடு உட்கார்ந்து கேளுங்கள். யார் யார் என்ன பெயர் என்று கேளுங்கள். பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள், போட்டோ கார்டு வியாபாரத்தைப் பற்றிச் சண்டையும் போடுங்கள்.

கொரியா போக வேண்டும் என்று அவள் சொன்னால், வழியையும் சொல்லுங்கள். முதலில் பாஸ்போர்ட். சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ மையத்தில் கொரிய மொழி வகுப்பு நடக்கிறது. டோபிக் என்று மொழித் தேர்வு ஒன்று இருக்கிறது. ஜிகேஎஸ் என்ற கொரிய அரசின் உதவித்தொகை கிடைத்தால் விமானக் கட்டணம், கல்விக் கட்டணம், மாதச் செலவு எல்லாம் அவர்களே தருவார்கள்; முதல் ஓராண்டு மொழிப் பயிற்சி, பிறகு பட்டப்படிப்பு. ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கொரியக் கம்பெனிகளில் இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. ஒடிசாவின் ரூர்கேலாவிலிருந்து போன ஸ்ரேயா லெங்கா 2022-ல் பிளாக்ஸ்வான் என்ற கொரியக் குழுவில் சேர்ந்ததை அக்கா மகள் முன்பே தெரிந்து வைத்திருக்கிறாள். அக்காவுக்கு நான் சொல்லித்தான் தெரியும்.