வாக்குத்தத்த அட்டையில் வராத வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வு... இப்படித்தான் வரும். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது அச்சடித்த அட்டையை நான் பார்த்ததே இல்லை. உங்களில் யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், என் செலவில் ஃப்ரேம் போட்டுத் தருகிறேன்.

வாலிபர் கூட்டத்துக்குப் போனால், உன் வாழ்க்கைக்குத் தேவன் ஒரு நோக்கம் வைத்திருக்கிறார் என்கிறார்கள். சரி, என்ன நோக்கம்? சாட்சி சொல்ல எழும்புகிறவர்களைக் கேட்டால் கேம்பஸில் வேலை, விசா, க்ளியர் ஆன அரியர். ஸ்தோத்திரம், தப்பே இல்லை. ஆனால் பொய்க்கணக்கு எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன், வேலை போய்விட்டது என்று ஒருவர் மைக்கைப் பிடித்து நான் கேட்டதில்லை. அப்படி ஒருவர் சொன்னால் அல்லேலூயா போடுவோமா, இல்லை, பாவம் பிழைக்கத் தெரியாதவன் என்போமா?

காமர்ஸ் மக்களுக்கு வேர்ல்ட்காம் கதை தெரிந்திருக்கும். அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில் தலைமையகம் வைத்திருந்த டெலிபோன் கம்பெனி. அதன் தலைவர் பெர்னார்டு எப்பர்ஸ் தன் பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி எடுத்தவர். மற்ற கம்பெனிகளின் லைனைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம் வருவாயினச் செலவு. இது நம் ப்ளஸ் ஒன் பாடம். அதைத் தூக்கி முதலினச் செலவில் வைத்தார்கள், நஷ்டம் லாபமாகிவிட்டது. 2002 ஜூனில் வெளியே வந்தபோது தொகை 380 கோடி டாலர். தோண்டத் தோண்ட 1,100 கோடி வரை போனது. எனக்குத் தெரியாது என்றே எப்பர்ஸ் சொன்னார். ஜூரி நம்பவில்லை. 2005-இல் 25 வருடச் சிறைத்தண்டனை.

எனக்கு அவரைவிடப் பயமுறுத்துகிறவர், அந்தப் பதிவுகளைக் கையால் போட்ட ஒரு நடுத்தர நிலைக் கணக்காளர். ராஜினாமா செய்ய நினைத்தார். வீட்டின் முக்கிய வருமானம் அவருடையது, அதனால் இருந்துவிட்டார். அவருக்கும் ஐந்து மாதம் சிறை. அதே கம்பெனியில் உள்தணிக்கைத் தலைவராக இருந்த சிந்தியா கூப்பர், நிதித் தலைவர் தள்ளிப்போடச் சொல்லியும் கேட்காமல், தன் குழுவோடு ராத்திரிகளில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தார். நோக்கம் என்பது மேடையில் இல்லை ஐயா, ஜர்னல் என்ட்ரியில் இருக்கிறது.

உடனே ஒரு அண்ணன் வருவார்: "தம்பி, கிருபைதான் இரட்சிக்கும், கிரியை அல்ல." சகேயுவைப் படியுங்கள் அண்ணா. யாரும் கேட்காமலே சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றார், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றார். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான். நம் ஆட்களோ ஜெபக்குழுவையும் நடத்திக்கொண்டு, ப்ராக்ஸியும் போட்டுக்கொண்டு, போகாத இன்டர்ன்ஷிப்புக்கு சர்டிபிகேட்டும் வாங்கிவிடுகிறார்கள். கேட்டால் ஊழியமாம்! பொய் பில்லில் வந்த காசிலும் தசமபாகம் சரியாகக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிற பெரியவர்களைப் பார்த்துத்தானே இவர்களும் வளர்ந்தார்கள்?

படிப்பு முடிந்ததும் நம்மில் பாதிப்பேர் ஏதாவது ஆடிட்டர் ஆபீஸில் இருப்போம். ஒரு நாள் ஒரு பில் டேபிளுக்கு வரும், தேதியை மட்டும் மாற்றிப் போடு என்பார்கள். வீட்டில் தங்கைக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய மாதமாகத்தான் அது இருக்கும். தைரியமாக இரு என்று பிரசங்கம் செய்ய ஆள் உண்டு. சபையில் கட்டட நிதிக்குக் கவர் தருகிறார்கள், கன்வென்ஷனுக்குத் தருகிறார்கள், அறுப்பின் பண்டிகைக்கும் தருகிறார்கள். மாட்டேன் என்று சொல்லி வேலையை இழந்தவனுக்கு மூன்று மாத வாடகை கொடுக்க ஒரு கவர் எப்போது அச்சடிப்பீர்கள்?