நாற்றம் என்னும் தீர்ப்பு

நெடுநாள் வாய்நாற்றத்தோடு வாழும் ஒருவரிடம் ஊர் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: ஒழுங்காகப் பல் துலக்குவதில்லையா? வடிவில் இது வினா. பொருளில் தீர்ப்பு. குற்றம் முன்பே முடிவாகிவிட்டது. குற்றவாளியின் ஒப்புதல் மட்டுமே பாக்கி. அவர் நாளைக்கு நான்கு முறை துலக்குபவராக இருக்கலாம், ஈறில் குருதி கசியும் வரை தேய்ப்பவராக இருக்கலாம். அதை யாரும் கேட்பதில்லை. இத்தீர்ப்பு மருத்துவ அடிப்படையில் பிழையானது. அறத்தின் அடிப்படையில் கொடியது. கல்விப்புலத்தைச் சேர்ந்தவர்களும் இதைக் கூசாமல் வழங்குகிறார்கள் என்பதால், இதைப் பேசவேண்டிய இடமும் கல்விப்புலமே.

முதலில் சொல். 'நாற்றம்' பழந்தமிழில் இழிசொல் அன்று. ஐம்புலன்களை எண்ணிச் சொல்லும் 27ஆம் குறள் மூக்கின் புலனை நாற்றம் என்றே குறிக்கிறது. 1274ஆம் குறளில் அரும்புக்குள் அடங்கிய நறுமணமும் நாற்றமே. கெட்ட வாடையைத் தனித்துச் சுட்டத் 'துர்' என்னும் வடமொழி முன்னொட்டு தேவைப்பட்டது என்பதே அடிச்சொல்லின் நடுநிலைக்குச் சான்று. பிறகு மணமும் வாசனையும் நல்ல பக்கத்தை எடுத்துக்கொள்ள, நாற்றம் கெட்ட பக்கத்தில் தள்ளப்பட்டது. மலையாள நாற்றமும் கன்னட நாத்தவும் இன்று அதே பக்கத்தில்தான் நிற்கின்றன. மொழியியல் இதை இழிபொருட்பேறு என்று வகைப்படுத்தி நகர்ந்துவிடும். ஆனால் சரிவு அங்கே நிற்கவில்லை. 'பேர் நாறிப்போச்சு', 'மானம் நாறிப்போச்சு' என்று பேச்சுத் தமிழ் சொல்லும்போது மூக்கின் செய்தி ஒழுக்கத்தின் செய்தியாகிவிடுகிறது. ஒருவரின் வாய் நாறுகிறது என்று சொல்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்த இரண்டாம் பொருளையும் சேர்த்தே சொல்கிறார்.

மேற்கில் இதே வேலையை வணிகம் செய்தது. லிஸ்டரின் 1879இல் கிருமிநாசினியாக உருவாக்கப்பட்ட மருந்து. 1920களில் அதன் விளம்பரங்கள் 'ஹாலிடோசிஸ்' என்னும் மருத்துவச் சொல்லைப் பொதுமக்களின் அச்சமாக மாற்றின. மணமாகாத பெண், நண்பர்கள் விலகிய இளைஞர் என்று விளம்பரப் படங்களில் வந்தவர்கள் அனைவரின் தனிமைக்கும் காரணம் அவர்களின் மூச்சே என்று சொல்லப்பட்டது. இலத்தீன் அடியும் கிரேக்க ஈறும் ஒட்டிய அந்தச் சொல் ஓர் உடல்நிலையை நோய்ப்பெயராக்கியது, நோயைச் சந்தையாக்கியது. மருந்துக்கடை அடுக்கில் இன்று நிற்கும் நீல, பச்சை மவுத்வாஷ் புட்டிகள் அந்த மரபின் வாரிசுகள். அவற்றுள் பல வாடையைச் சில மணி நேரம் மூடுகின்றன, காரணத்தைத் தொடுவதில்லை.

காரணங்கள் என்ன? பெரும்பாலானவை வாய்க்குள்ளேயே இருக்கின்றன. உயிர்வளி எட்டாத இடங்களில் வாழும் நுண்ணுயிரிகள் உணவுத் துகள்களிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதங்களைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் முதலிய கந்தக வளிகள் எழுகின்றன. பெல்ஜியத்தின் லூவென் நகரில் வாய்நாற்றத்துக்கென்றே இயங்கிய சிகிச்சை மையத்துக்கு வந்த 2000 பேரைப் பற்றிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவருக்குக் காரணம் வாயில் இருந்தது: நாவின் மேற்படிவு, ஈறு நோய், அல்லது இரண்டும். மூக்கு, தொண்டை போன்ற வாய்க்கு வெளியிலுள்ள காரணங்கள் சிறு பங்கே. 'வயிறு சரியில்லை, அதனால்தான்' என்று வீட்டிலும் மருந்துக்கடையிலும் சொல்லப்படும் விளக்கம் மிக அரிதாகவே உண்மையாகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். காரணம் வாயில்தான் என்றால் துலக்கச் சொன்னதில் என்ன தவறு? தவறு இதுதான்: துலக்கும் தூரிகை ஈறின் விளிம்போடு நின்றுவிடுகிறது. ஈறு நோயில் நாற்றம் பிறக்கும் பைகள் அவ்விளிம்புக்குக் கீழே உள்ளன. இறுகிய காரையைத் தூரிகையால் பெயர்க்க முடியாது. அதற்குப் பல் மருத்துவரும் கருவியும் வேண்டும். நாவின் பின்பகுதிப் படிவுக்கு, நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள நாக்கு வழிக்கும் பழக்கம் உண்மையிலேயே உதவும். ஆனால் உமிழ்நீர் வற்றிய வாயில் அப்படிவு மீண்டும் மீண்டும் சேரும். உமிழ்நீரை வற்றச் செய்பவை எவை? இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்குத் தரப்படும் மருந்துகள் பல. வாயால் மூச்சுவிடுதல். நீர் அருந்தாமை. நீரிழிவோ ஈறு நோயை வளர்க்கிறது. ஈறு நோய் திரும்பிச் சென்று நீரிழிவைக் கட்டுப்பாடின்றி ஆக்குகிறது. இவற்றில் எது சோம்பல்? எது ஒழுக்கக் கேடு?

அரிய காரணங்களும் உண்டு. ட்ரைமெத்தில்அமினை உடைக்கும் நொதியின் மரபணுக் குறைபாடு உள்ளவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் மீன் வாடை வரும். மெத்தேன்தயாலைச் சிதைக்கும் நொதியின் மரபணு பிறழ்ந்தால் குருதியே கந்தக வாடையை நுரையீரலுக்குக் கொண்டு சேர்க்கிறது என்பது 2018இல்தான் நிறுவப்பட்டது. அதற்கு முன் அந்நிலையோடு வாழ்ந்தவர்களிடம் எத்தனை பேர் தூரிகையை நீட்டியிருப்பார்கள்!

இனி இடம். கோலார் மாவட்டத்தின் பேத்தமங்களாவை எடுத்துக்கொள்வோம். பாலாற்றின் நீரைத் தேக்கிய அதன் ஏரிதான் கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது. சுரங்கத்துக்கு நீர் தந்த வட்டாரம் இன்று ஆழ்துளைக் கிணறுகளை நம்பி நிற்கிறது. கோலார் மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பது பல்லாண்டுகளாகப் பதிவான உண்மை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாதபோது 1.5 வரை பொறுக்கத்தக்கது. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தவர்களின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் நிலைத்துவிடும். ஃபுளூரைடுக் கறை நாறாது. ஆனால் பார்ப்பவர் கண் அதை அழுக்கு என்றே வாசிக்கும். எனவே, அப்பகுதியில் வளர்ந்த மாணவர் வாய்திறக்கும் முன்பே 'துலக்காதவர்' என்ற பெயரைச் சுமந்துகொண்டுதான் நேர்காணலுக்குள் நுழைகிறார். நீரின் குற்றத்துக்குப் பல் தண்டனை பெறுகிறது; அதற்கு மேல் உண்மையாகவே ஈறு நோயும் இருந்துவிட்டால் தண்டனை இரட்டிப்பு.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களுக்கு நிறுவன மருத்துவமனை அளித்துவந்த பாதுகாப்பும் அதோடு போயிற்று. அடுத்த தலைமுறை விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்புகிறது. நாளின் நான்கைந்து மணி நேரம் பயணத்தில் கழிகிறது, நேரத்துக்கு உணவில்லை, கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர். வாய் வறளாமல் என்ன செய்யும்? பல் மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் ஊதியத்தை இழக்கவேண்டும் என்றால், வலி வரும் வரை யார் போவார்? ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. நாறும், பிறகு பல் ஆடும்.

அரசின் பார்வையும் இதே வரிசையில்தான் இருக்கிறது. கர்நாடக அரசு 2014இல் தொடங்கிய 'தந்த பாக்ய' திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசப் பற்கட்டு தருகிறது. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பல் விழுந்தபின் நீளும் கை, பல் ஆடத் தொடங்கும் முன்பே நீண்டிருக்க வேண்டும். காரை நீக்குவது பற்கட்டைவிட எளிய வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்ப்பது போல ஈறு பார்ப்பதும் வழக்கமாகாத வரை 'துலக்கு' என்னும் அறிவுரை, அரசின் கடமையைத் தனிமனிதர் தலையில் இறக்கிவைக்கும் தந்திரமே.

தங்கவயலின் ஆழத்தில் இறங்கிய தமிழர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்த தலித் மக்கள். நாற்றம் என்னும் சொல் அவர்கள் மீது எவ்வளவு காலமாக வீசப்பட்டுவந்தது என்பதைச் சாதியைப் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உடலின் வாடையைப் பிறப்பின் குணமாகக் காட்டுவது தீண்டாமையின் பழைய உத்தி. ஒருவரின் மூச்சை அவருடைய 'வளர்ப்பு' என்று சொல்லும் ஒவ்வொரு நாவும் அந்த உத்தியைத்தான் புதுப்பிக்கிறது.

இதையெல்லாம் கருத்தரங்கில் உரையாற்றும் அறிஞர்களே தேநீர் இடைவேளையில் மூக்கைப் பொத்திச் சிரிக்கிறார்கள் என்பதுதான் வெட்கம். உடலரசியல் பற்றி அத்தியாயம் எழுதும் ஆய்வாளர், விடுதியில் அறைத் தோழருக்குப் பட்டப்பெயர் வைக்கிறார். வாய்மொழித் தேர்வில் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் தேர்வாளர், எதிரே இருப்பவர் அதைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறார். அவர் பார்க்கிறார். அடுத்த கருத்தரங்கில் கேள்வி கேட்க எழமாட்டார். கையால் வாயை மறைத்துப் பேசப் பழகுவார். பிறகு பேசாமலிருக்கப் பழகுவார்.

இச்சிரிப்பின் இன்னொரு விளைவையும் லூவென் ஆய்வே காட்டுகிறது. நாற்றம் இருப்பதாக நம்பி அங்கு வந்தவர்களுள் ஆறில் ஒருவர் அளவுக்கு நாற்றமே இல்லை. தன் மூச்சைத் தானே சரிவர முகர முடியாத மனிதர், பிறர் முகத்தைப் படித்தே தம்மை அறிகிறார். எதிரிலிருப்பவர் தற்செயலாக மூக்கைத் தொட்டாலும் போதும், அது தீர்ப்பாகிவிடும். இவ்வச்சம் முற்றும் நிலையை உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாடே தனிக் கோளாறாக ஏற்றிருக்கிறது. ஏளனம், நோயுள்ளவரோடு நோயில்லாதவரையும் நோயாளியாக்குகிறது.

'வேலையின்மை, தண்ணீர், சிலிக்காத் தூசு இத்தனை இருக்க வாய்நாற்றம் ஒரு பொருளா?' என்பார் சிலர். இது அவற்றிலிருந்து தனித்து நிற்கவில்லை. தண்ணீரும் வேலையும் மருத்துவமனையும் போன வழியில்தான் இதுவும் வந்தது. நுரையீரலில் படிந்த தூசுக்கு இரங்குபவர்கள் ஈறில் படிந்த காரைக்கு நகைப்பது எந்த நியாயம்?

செய்யவேண்டியவை பெரியனவல்ல. அருகிலிருப்பவர் தனியே அழைத்து, மெல்ல, ஒரே ஒருமுறை சொல்லலாம்: 'ஒருமுறை ஈறைப் பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.' இது இருமலுக்கு மருத்துவரைப் பார்க்கச் சொல்வதைப் போன்றது; அதே தொனி போதும். பல்கலைக்கழக நலவாழ்வு மையங்கள் ஆண்டுக்கொருமுறை ஈறு பரிசோதனையையும் காரை நீக்கத்தையும் கட்டணமின்றிச் செய்யவேண்டும். ஃபுளூரைடு மிகுந்த ஊர்களில் பள்ளிக் குடிநீரைச் சோதித்து அளவைச் சுவரில் எழுதவேண்டும். இவை எவையும் முடியாதவர்கள் ஒன்றையாவது செய்யலாம்: மூக்கு அறிந்ததை ஒழுக்கத்தின் மீது ஏற்றாமல் இருக்கலாம்.