மானியம் ஒரு கையில், சுமை மறு கையில்!

குரும்பலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி முன்பு பாரதிதாசன் பல்கலைக் கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக இருந்தது. பிறகு சர்க்கார் அதை நேராக எடுத்துக்கொண்டது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பெரம்பலூர்ச் சீமையில், கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு எட்டுகிற கல்லூரி இது.

இத்தகைய கல்லூரிகளைப் பார்த்து, "திட்டம் எழுதுங்கள், மானியம் வாங்குங்கள், ஆராய்ச்சி செய்யுங்கள்" என்று மேலிடத்தில் உபதேசிக்கிறார்கள். நல்ல காரியம். நம் மண்ணையும் நம் பயிரையும் நம் பிள்ளைகள் ஆராயட்டும். ஆனால், திட்டத்தை நடத்த ஆள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "ஆசிரியரே பார்த்துக்கொள்வார்" என்று பதில் வரும்!

எது எதைப் பார்த்துக்கொள்வது?

மானியம் என்பது மூட்டையாக வந்து இறங்குவதல்ல. விண்ணப்பம் எழுத வேண்டும். உத்தரவு வந்ததும் வங்கிக் கணக்கு, ஆய்வு உதவியாளர் நியமனம், விலைப்புள்ளி கேட்டுக் கருவி வாங்குவது, இருப்புப் பதிவேடு, ரசீது, தணிக்கை என்று வேலை நீளும். 2017ஆம் ஆண்டின் மத்திய பொது நிதி விதிகளின்படி 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். மானியப் பணத்துக்கு வங்கி தந்த வட்டியையும் கணக்குக் காட்டித் திருப்ப வேண்டும். சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும்.

இவ்வளவும் ஒரு மனிதர் தலையில்! அவர்தான் வகுப்பெடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். மில்லில் நூல் நூற்கிறவனே பேல் கட்டி, லாரியில் ஏற்றி, கணக்கும் எழுதட்டும் என்று முதலாளி சொன்னால் நாம் ஒப்புவோமா?

ஆள் பற்றாக்குறை மட்டுமல்ல விஷயம். பொருள் வாங்குகிறவர், வந்த பொருளைச் சரிபார்க்கிறவர், பணம் கொடுக்கிறவர் மூவரும் வேறு வேறு ஆளாக இருப்பதே கணக்கின் முதல் பாதுகாப்பு. எடை போடுகிறவனும் கணக்கு எழுதுகிறவனும் ஒருவனாக இருந்தால் என்ன நடக்கும் என்பது பருத்தி எடுத்த நம் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். நேர்மையான ஆசிரியருக்கும் இதில் ஆபத்து உண்டு. தவறு நடந்தால் மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்டவர். ஆள் கொடுக்காத அதிகாரி மாட்டுவதில்லை.

சிறு ஊழியரின் கதி

கௌரவ விரிவுரையாளர்களைப் பாருங்கள். பேரில் கௌரவம் இருக்கிறது, கூலியில் இல்லை. மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2019இல் அறிவித்தது. நம் மாநிலத்தில் அதில் பாதிக்கே போராட வேண்டியிருந்தது. பல திட்டங்களில் நிரந்தர ஆசிரியர்தான் முதன்மை ஆய்வாளர் ஆக முடியும். மற்றவர் உழைக்கலாம், பெயர் கிடையாது.

திட்ட உதவியாளர் நிலை இன்னும் மோசம். இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் மத்திய சர்க்கார் உயர்த்தியது. ஏட்டில் உயர்ந்தது சரி, கைக்கு எப்போது வரும்? 2024, 2025 ஆண்டுகளில் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறும் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் பணம் வராமல் தவித்தது நாடறிந்த செய்தி.

போதாக்குறைக்கு, ஆராய்ச்சி மானியத்துக்கே ஜி.எஸ்.டி. கேட்டு 2024இல் கல்வி நிலையங்களுக்கு நோட்டீஸ் போனது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த ஆண்டு செப்டம்பரில் விலக்குத் தந்தார்கள். 2023இல் சட்டம் போட்டு அமைத்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியேயிருந்து வருமாம்! தனியார் கொடுக்கும் பணம், மக்காச்சோளக் காட்டுக் கூலிக்காரனின் கவலையை ஆராயத்தான் வருமா?

"ஆள் போட்டால் செலவு"

"தனி ஊழியர் போட்டால் மானியம் சம்பளத்துக்கே போய்விடும்" என்கிறார்கள். அப்படியானால் கேட்கிறோம்: சான்றிதழ் போகாமல் தவணை நின்றால் நஷ்டம் யாருக்கு? வாங்கிய கருவி, இயக்க ஆளின்றித் துணி போர்த்திக் கிடந்தால் அது சிக்கனமா? ஆசிரியர் ரசீது ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வகுப்பு காலியாகக் கிடந்தால், அந்த நஷ்டம் எந்தக் கணக்கில் ஏறும்? அது நம் பிள்ளைகளின் கணக்கில்தான் ஏறுகிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

மானியம் வரும்போதே யாருக்கு எந்த வேலை என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். கணக்குக்கும் கொள்முதலுக்கும் தனித்தனி ஊழியர் வேண்டும். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஆள் போட முடியாது என்றால், சில கல்லூரிகளுக்குச் சேர்த்தாவது சர்க்கார் போடட்டும்.

ஆய்வை நடத்தும் ஆசிரியருக்கு வகுப்பு நேரம் குறைய வேண்டும். அந்த வகுப்புகளை எடுப்பவருக்கு முழுச் சம்பளம் வேண்டும்.

திட்ட உதவியாளருக்கு நியமன உத்தரவும் குறித்த தேதியில் சம்பளமும் வேண்டும். டில்லிப் பணம் தாமதமானால் மாநில சர்க்கார் முன்பணம் கொடுத்துப் பிறகு ஈடுகட்டிக்கொள்ளட்டும்.

வரவு செலவைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்காமலே விவரம் வெளியிடச் சொல்கிறது. அதே ஆண்டு வந்த நூறு நாள் வேலைச் சட்டம், மண் வெட்டிய கூலிக்காரனின் கணக்கைக் கிராம சபையில் படிக்கச் சொன்னது. கூலிக்காரன் கணக்குக்கு ஊர் சாட்சி என்றால், கல்லூரி மானியத்துக்கு ஏன் கூடாது?

தோழர்களே! மானியம் யாருடைய தர்மமும் அல்ல. தீப்பெட்டி முதல் சீயக்காய் வரை வாங்கும்போது நாம் கட்டிய வரி அது. கல்லூரியில் பிள்ளை படிக்கிற ஒவ்வொரு குடும்பமும், "அந்தப் பணத்தை யார் நடத்துகிறார்கள், உழைக்கிறவருக்கு என்ன கொடுக்கிறார்கள்?" என்று வாசலில் நின்று கேட்கட்டும். ஆசிரியரும் எழுத்தரும் ஆய்வு உதவியாளரும் ஒன்றாக நின்று கேட்டால், பதில் சொல்லாமல் எந்த அதிகாரியும் தப்ப முடியாது.