பனி பெய்யாத ஊரின் பனிக்காலம்

ஆங்கிலவழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தையிடம் பருவங்கள் எத்தனை என்று கேட்டால் சட்டென்று "நாலு" என்று பதில் வரும். குளிர்காலத்துக்குப் படம் வரையச் சொன்னால் கேரட் மூக்கு வைத்த ஒரு பனிமனிதன் வந்து நிற்பான். இலையுதிர் காலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மரம். இந்தக் குழந்தை வசிப்பது கும்பகோணத்திலோ விருதுநகரிலோ இருக்கும்! அங்கே பனிமனிதனும் கிடையாது, அந்த ஆரஞ்சு மரமும் கிடையாது. ஐப்பசியில் அடை அடையென்று பெய்யும் மழை மட்டும் அந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அடங்காமல் வெளியே நனைந்துகொண்டு நிற்கிறது.

இது ஏதோ குழந்தைகள் பாடப்புத்தகத்துச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பெயர் இல்லாத பருவத்தை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்காத ஒன்று மாறினால் அது மாறியதும் தெரிவதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொல்காப்பியம் பெரும்பொழுதை ஆறாகப் பிரித்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு மாதங்களாக உரையாசிரியர்கள் இதற்குக் கணக்குச் சொன்னார்கள். இதில் வியக்க வேண்டிய விஷயம், குளிர் ஒன்றல்ல மூன்று என்று பார்த்ததுதான். மழையோடு சேர்ந்த ஈரக்குளிர் கூதிர். மழை விட்டபின் மாலையிலேயே இறங்கத் தொடங்கும் பனி முன்பனி. பின்னிரவில், விடியலை ஒட்டி இறங்கும் பனி பின்பனி. போர்வையை எப்போது இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம் என்பதை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வந்த நாலு பருவத்தில் இவை மூன்றும் ஒரே சொல்லில் அடைந்து கிடக்கின்றன. போதாததற்கு "பனி" என்ற சொல்லையே இப்போது இமயமலையில் கொட்டும் வெண்பனிக்கும் கொடுத்தாகிவிட்டது. புல் நுனியில் நிற்கும் துளிக்கும், சாலையை மறைக்கும் மூடுபனிக்கும், ஊட்டியின் உறைபனிக்கும் அதே சொல்தான் உழைக்கிறது.

பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்து மறந்துவிடும் நூல்களில் இதுவும் ஒன்று. ஆனால் கூதிர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. மாடு மேய்ப்பவர்கள் நெருப்பில் கை காய்ச்சிக்கொண்டும் நடுங்குகிறார்கள். பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. பகலா இரவா என்று தெரியாததால், பிச்சி மொட்டு அவிழ்வதைப் பார்த்து மாலை வந்துவிட்டது என்று பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. யாழின் நரம்பு குளிரில் நிலை குலைந்ததால் அதை உடம்புச் சூட்டில் வைத்துச் சரிசெய்கிறார்கள். கடைசியில் பாசறையில் எரியும் விளக்குகளின் சுடர் தெற்குப் பக்கமாகச் சாய்கிறது. ஏன் தெற்கு? வாடை வடக்கிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். வடகிழக்குப் பருவக்காற்றைப் பற்றி இன்றைக்கு வானிலை ஆய்வு மையம் சொல்வதை ஒரு விளக்கின் சுடரில் காட்டிவிட்டுப் போகிறார் அந்த மனிதர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைச் சொன்னவுடனே "நம் முன்னோர்கள் அன்றே எல்லாம் அறிந்திருந்தார்கள்" என்று கைதட்டக் கிளம்பிவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. தமிழ் மாதங்கள் விண்மீன்களை வைத்து அமைந்தவை. பூமியின் அச்சு மெதுவாகத் திரும்புவதால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அவை பருவங்களிலிருந்து நகர்கின்றன. தை முதல் நாள் உத்தராயணம் என்கிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ல். பொங்கல் வருவதோ ஜனவரி 14 அல்லது 15ல். ஏறத்தாழ 24 நாள் வித்தியாசம். இரண்டும் ஒன்றாக இருந்தது சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே பழைய பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்வதும், பனிமனிதன் வரைவதும் ஏறக்குறைய ஒரே தவறுதான். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்காமலே பருவத்தை அறிந்து வைத்திருப்பது வீட்டுச் சமையலறைதான்! தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழியில் எண்ணெய் பாட்டிலை வெயில் படும் இடத்தில் வைக்கும் அம்மாக்களுக்குத் தெர்மாமீட்டர் எதற்கு? மாவு புளிக்க நேரம் ஆகிறது. தயிர் தோய மறுக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் பாத்திரம் இடம் மாறுகிறது. சந்தையும் பருவத்தைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறது, ஆனால் அது யாருடைய பருவம் என்பதுதான் வேடிக்கை. ஐரோப்பாவின் குளிருக்கான ஆடைகளைத் திருப்பூரில் வியர்த்து வழியும் கோடை மாதங்களில் தைக்கிறார்கள். கடலுக்கு அப்பாலுள்ள பனிக்குக் கணக்குப் போட்டு ஆர்டர் எடுக்கும் ஊரில் உள்ளூர்ப் பனிக்கு ஒரு கணக்கும் இல்லை.

நீலகிரியில் அந்தக் கணக்கு இருக்கிறது, ஏனென்றால் அங்கே அது வருமானம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல்லின் மேல் உள்ள ஈரம் உறைகிறது. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி வெப்பத்தைத் தடுக்கும், உறைபனி விழாது. விழுந்தால் தேயிலையின் கொழுந்து கருகும். கொழுந்து இல்லையென்றால் பறிக்க எதுவும் இல்லை, சிறு விவசாயி வீட்டில் அந்த மாதம் கையில் காசும் இல்லை. அதனால்தான் செடிகளைத் தாகை இலை போட்டு மூடி வைக்கிறார்கள். சுற்றுலா போனவர்கள் அதே காலையில் வெள்ளைப் புல்வெளியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தப்பில்லை, ஆனால் படத்தின் ஓரத்தில் கருகிய கொழுந்தும் இருக்கிறது.

டெல்டாவில் விஷயம் இன்னும் பெரியது. சம்பா நெல்லின் முழு ஏற்பாடும் இந்தப் பருவங்களின் வரிசையை நம்பியது. கூதிரின் மழையில் பயிர் வளரும். முன்பனியில் வானம் வெளுத்து, பகல் வெயிலில் கதிர் முற்றும். தை, மாசியில் அறுவடை. டிசம்பர் கடைசியோடு மழை விடைபெற வேண்டும் என்பதுதான் எழுதாத ஒப்பந்தம். 2021 ஜனவரியில் அந்த ஒப்பந்தம் மீறப்பட்டது. அந்த மாதத்தின் வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு மழை பெய்து, அறுவடைக்கு நின்ற கதிர்கள் வயலிலேயே சாய்ந்து முளைத்தன. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடியும் அதே கதை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதை 22 சதவீதம் வரை தளர்த்தும்படி அந்த ஆண்டு தமிழக அரசு மத்திய அரசைக் கேட்டது. முன்பனி என்ற சொல் இலக்கியத்தில் மட்டும் வாழ்கிறது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே போய்ப் பார்க்கலாம். அது அங்கேதான் இருக்கிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பட்டியலில் ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாடு முழுவதற்குமான பட்டியல் அது, குறை சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடமாவது குழந்தைக்குத் தன் ஊரின் பட்டியலைச் சொல்லித் தரலாம் அல்லவா? மழை எந்தத் தேதியில் நின்றது, புல்லில் முதல் பனித்துளி எப்போது நின்றது, தெருவில் வேம்பு எப்போது பூத்தது என்று ஒரு நோட்டில் எழுத வைத்தால் போதும். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு. பத்து வருட நோட்டுகள் சேர்ந்தால் அந்த ஊருக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒரு கணக்குப் புத்தகம் கிடைக்கும்.

கொள்முதல் நிலையத்து வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்கு அந்த நோட்டு தேவையில்லைதான். நெல்லைப் பல்லில் கடித்து, அது முறியும் சத்தத்தில் ஈரம் எவ்வளவு என்று சொல்பவர்கள் அவர்கள். கருவி 19 காட்டினால் மூட்டையை அவிழ்த்து மறுபடி களத்தில் பரப்ப வேண்டும். பகல் முழுக்கக் காய்ந்த நெல்லைச் சாயங்காலம் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் செங்கல் வைத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொள்கிறார்கள். மூடாமல் விட்டால் ராத்திரிப் பனியில் நெல் மறுபடியும் ஈரம் வாங்கிவிடும்.