முதல் கேமரா பழையதாக இருக்கட்டும்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாகவோ, மதிப்பெண்ணைப் பற்றிய வாக்குவாதத்துக்குச் சமாதானமாகவோ, பிள்ளைக்குக் கேமரா வாங்கித் தருவதாக வாக்களித்துவிட்டுக் கடைக்குள் நுழையும் தகப்பனார், கண்ணாடி அலமாரியில் வரிசையாக வீற்றிருக்கும் யந்திரங்களையும் அவற்றின் விலைச்சீட்டுகளையும் கண்டு திகைத்து, கடைசியில் கடைக்காரர் எதைச் சுட்டிக்காட்டுகிறாரோ அதற்கே மாதத் தவணை எழுதிக்கொடுத்துவிட்டு வருவது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. வாங்குவதே வாங்குகிறோம், உசத்தியாகவே வாங்கிவிடுவோம் என்ற நியாயம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. என் அபிப்பிராயம் வேறு. படம் எடுப்பதில் உண்மையான ஆற்றல் காட்டும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு முதலில் வாங்கித்தர வேண்டியது, ஏற்கெனவே ஒருவர் கையில் புழங்கிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றும், அதற்கு ஒரே ஒரு நல்ல லென்ஸும்தான்.

ஆற்றல் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது என்று கேட்கலாம். அவளுடைய ஃபோனை வாங்கி, அவள் பெருமையோடு காட்டும் படங்களை விட்டுவிட்டு, காட்டாத படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால் விடை கிடைத்துவிடும். ஒரே குளத்துப் படிக்கட்டைக் காலையிலும் மாலையிலும் மழை விட்ட கையோடும் எடுத்திருக்கிறாளா, பாட்டி பூத்தொடுப்பதைப் பல நாள் எடுத்தும் திருப்தி உண்டாகாமல் மறுபடியும் எடுத்திருக்கிறாளா என்று பார்க்கவேண்டும். அப்படித் திரும்பத் திரும்பப் போகிறவளுக்கு ஃபோன் ஒரு கட்டத்தில் போதாமற்போகிறது. ஏனெனில் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு கூர்மை, முகத்துக்கு என்ன நிறம் என்பவற்றையெல்லாம் அதனுள்ளிருக்கும் மென்பொருளே பெரும்பாலும் தீர்மானித்து, நிழலாகவே விடவேண்டிய மூலையையும் டியூப்லைட் போட்டதுபோல் வெளுக்கவைத்துவிடுகிறது.

பழைய டி.எஸ்.எல்.ஆர். இன்று மலிவாகக் கிடைப்பதற்கு அதன் குறைபாடு காரணமல்ல. கேனான், நிக்கான் ஆகிய இரு நிறுவனங்களும் தங்கள் சிரத்தை முழுவதையும் கண்ணாடியற்ற மிரர்லெஸ் கேமராக்களின் பக்கம் திருப்பிவிட்டன. 2020-க்குப் பிறகு இரண்டும் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாதிரி எதையும் வெளியிடவில்லை. தொழில் செய்கிறவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறியதால், அவர்கள் கழித்துவிட்ட கேமராக்கள் சந்தையில் வந்து குவிந்துள்ளன. 2013-இல் வந்த நிக்கான் டி5300-இன் படத்தில் 24 மெகாபிக்சல் விவரம் இருக்கிறது. 20 அங்குல அகலத்துக்கு அச்சிட்டுச் சுவரில் மாட்ட அது தாராளமாகப் போதும். பத்து வருஷம் கழித்து வந்த கேனான் ஆர்50-இலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். ஓடுகிற குழந்தையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும் சாமர்த்தியம் புதிய யந்திரங்களில் உண்டு. அது பெரிய சௌகரியம் என்பதை மறுப்பதற்கில்லை. கற்றுக்கொள்ளும் பருவத்தில் அந்தச் சௌகரியம் சில வருஷம் தாமதமாக வந்தால் நஷ்டமில்லை என்பதே என் வாதம்.

பழையதை வாங்குவதில் ஏமாற இடமுண்டு என்பது உண்மை. பார்த்து வாங்கத் தெரியவேண்டும். ஃபிளாஷ் செருகும் மேல்தட்டின் கறுப்பு வண்ணம் தேய்ந்து உலோகம் பளபளத்தால், அந்தக் கேமரா கல்யாண மண்டபங்களில் வெகுகாலம் உழைத்திருக்கிறது என்று ஊகிக்கலாம். நிக்கானில் எடுத்த ஒரு படத்தின் கோப்பிலிருந்தே அதன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை அறியமுடியும். டி5300-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதால், முப்பதாயிரத்துக்கு உட்பட்டிருந்தால் கவலையின்றி வாங்கலாம். லென்ஸைக் கழற்றி, அதன் ஊடாக ஃபோனின் டார்ச்சை அடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கவேண்டும். உள்ளே மெல்லிய வெள்ளை இழைகள் கிளைவிட்டிருந்தால் அது ஃபங்கஸ். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இது வெகு சகஜம், கடைக்காரர் துடைத்தால் போய்விடும் என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும் அந்த லென்ஸை வாங்கக்கூடாது. துவாரத்தை எஃப்/16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்த்தால், சென்ஸார்மேல் படிந்த தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். அதைச் சுத்தம் செய்துவிடலாம்; புள்ளிகளைக் காட்டி விலையையும் குறைக்கலாம்.

லென்ஸ் விஷயத்தில்தான் பெற்றோர் பெரும்பாலும் வழிதவறுகிறார்கள். இரண்டு லென்ஸ், பை, முக்காலி எல்லாம் சேர்த்து ஒரே விலை என்னும் கட்டு கடைக்கு லாபம், பிள்ளைக்குச் சுமை. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை விட்டுவிட்டு, நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8 டி.எக்ஸ். லென்ஸை வாங்கிக் கொடுங்கள். அதே 35 மி.மீ. நிலையில் கிட் லென்ஸ் அனுமதிப்பதைவிட இது ஏறக்குறைய ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. விளக்கு வெளிச்சம் மட்டுமே உள்ள பிராகாரத்தில் 1/20 விநாடியில் ஆடிப்போகும் படம், இதில் 1/125 விநாடியில் நிலையாக விழும். முன்னும் பின்னும் இழுக்க இதில் வழியில்லையே என்றால், அதுதான் இதன் பெரிய குணம்: கிட்ட வேண்டுமானால் அவளே கிட்டப் போகவேண்டும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா கையாண்ட ரோலிஃபிளெக்ஸில், லென்ஸை மாற்றவும் முடியாது, இழுக்கவும் முடியாது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். நம் வீடுகளில் ஒரு தலைமுறையின் விசேஷங்களையெல்லாம் பதிவுசெய்த ஆக்ஃபா கிளிக் த்ரீ பெட்டிக்கேமராவின் கதியும் அதுவே.

மலிவு என்று எண்ணி மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். டி3500, டி5300 போன்ற சிறிய நிக்கான்களில் லென்ஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது. ஆகையால் பழைய 50 மி.மீ. ஏ.எஃப். டி லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். கேனான் 1500டி, 200டி இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் ஃபிளாஷ் தட்டின் நடுமுள் நீக்கப்பட்டிருப்பதால், பிற நிறுவனங்களின் விலைகுறைந்த ஃபிளாஷ்கள் பல அதில் எரிவதில்லை.

30,000 ரூபாய் என்று வரம்பு கட்டிக்கொண்டு, பேரம் பேசவும் தெரிந்தால், நான் சொன்ன கேமராவும் லென்ஸும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். மிச்சத்தில் ஒரு மெமரி கார்டும், இன்னொரு பேட்டரியும், வருஷத்துக்குச் சில படங்களையாவது ஸ்டூடியோவில் அச்சிட்டுக்கொள்ளப் பணமும் ஒதுக்கலாம். தவணையில் வந்த லட்ச ரூபாய்க் கேமரா, தேர்த்திருவிழாக் கூட்டத்துக்கும், மீன் இறங்கும் துறைக்கும், மழைக்கும் போகாது. போக வீட்டார் விடமாட்டார்கள். அது துணியில் சுற்றப்பட்டுப் பீரோவுக்குள் துணிமணிகளோடு அடைந்துகிடக்கும். ஃபங்கஸ் பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பழைய டி5300 கீழே விழுந்தால் வீட்டில் ஒரு நாள் முணுமுணுப்பு இருக்கும். மறுநாள் அதே கேமரா மறுபடியும் தெருவில் இருக்கும். பரீட்சைக் காலத்தில் அதையும் பூட்டித்தான் வைப்பேன் என்கிற தகப்பனார், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கட்டும், பரீட்சை முடிந்த அன்று மாலையே எடுத்துக் கொடுத்தும் விடட்டும்.